பாதிச் சட்டை உரித்த வட்டச்சி

அந்தக் காலத்தில் கடலுக்கடியில் இருந்த எல்லாவற்றுக்கும் பேச்சு வரும். நண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். ஓடு போர்த்திய உயிர்களுக்கெல்லாம் அவன்தான் நாட்டாமை. பாறையிடுக்கில் குடியிருக்க வேண்டுமா? அவன் முன்னால் போய், ஓட்டைச் சட்டைபோல முழுசாகக் கழற்றிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து, ‘நீ இன்ன குலம்’ என்று சொல்லி இடம் விடுவான். காட்டாதவர்களுக்கு வெட்டவெளி மணல்தான். அங்கே கிழங்கான் மீன்கள் இரை தேடி அலைந்துகொண்டிருக்கும்.

வட்டச்சி என்றொரு சின்னக் கடற்பூச்சி இருந்தாள். ஆள் விரல் நகத்தளவுதான். நெஞ்சுக்கடியில் ஒரு பை, பை நிறையக் குஞ்சுகள். இடம் கேட்டு அவளும் வந்து நின்றாள்.

நண்டு அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “கண்ணுக்குக் காம்பு இல்லை. கையில கொடுக்கு இல்லை. நீ எங்க ஆள் இல்லை, தாயி.”

“எங்க ஆளும் இல்லை,” என்று முந்திக்கொண்டது கூட்டத்தில் நின்ற இறால். “எங்களுக்குத் தலையும் மாரும் ஒரே ஓட்டுக்குள்ள அடங்கும். இவ முதுகெல்லாம் பட்டை பட்டையா இருக்கு. கால் ஏழு ஜோடி, அத்தனையும் ஒரே அச்சு!”

“சரி, சட்டையைக் கழற்று. பார்த்துச் சொல்றேன்,” என்றான் நண்டு.

வட்டச்சி பையைக் கால்களால் அணைத்துக்கொண்டாள். கழற்றினால் பையும் கூடவே போய்விடும். கண் திறக்காத பிள்ளைகள் தண்ணீரில் சிதறும். கழற்றாவிட்டால் மணல்வெளி. எந்தப் பக்கம் போனாலும் கிழங்கான் வாய்தான். அட பாவி நண்டே, பிள்ளைத்தாச்சியிடம் கேட்கிற கேள்வியா இது!

“அண்ணே, பிள்ளைங்க இறங்கினதும் கழற்றுறேனே.”

“எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.”

வட்டச்சி முன்கால்களால் பாறையை இறுகப் பிடித்தாள். முதுகை வளைத்தாள், இன்னும் வளைத்தாள். நடுமுதுகில் ஓடு படாரென்று வெடித்தது. வலியில் உயிரே போவது போலிருந்தது. பின்பாதி ஓட்டை மட்டும் உருவி நண்டின் காலடியில் போட்டாள்.

“இது என்னோடது, எடுத்துக்குங்க. முன்பாதி என் பிள்ளைங்களோடது. அதுங்க காலூன்றட்டும், நானே தர்றேன். இப்பவே வேணும்னா என்னைக் கொன்னு எடுத்துக்குங்க!”

நாட்டாமை கொடுக்கைத் தாழ்த்தினான். தான் ஓடு உரிக்கிற அன்று வளைக்குள் பதுங்கி நடுங்குவது அவனுக்குத் தெரியாதா? இவளோ பாதி உடம்பு பச்சையாகத் தெரிய, அத்தனை பேர் முன்னால் நிற்கிறாள்.

“இவ நம்ம ரெண்டு குலமும் இல்லை. தனிக் குலம்,” என்றான் மெதுவாக. “தள்ளுங்கப்பா, இடுக்கில இடம் விடுங்க.”

குஞ்சுகள் வளர்ந்து, ஒவ்வொன்றாக வெளியே வந்து கல்லைப் பற்றிக்கொண்டன. கடைசிக் குஞ்சும் இறங்கிய பிறகு, சொன்ன சொல் தவறாமல் வட்டச்சி முன்பாதியையும் கழற்றிக் கொடுத்தாள்.

அன்று தொட்டுத்தான் அவள் வம்சம் ஒரே மூச்சில் சட்டை உரிப்பதில்லை. முதலில் பின்பாதி, பொறுத்திருந்து முன்பாதி. பை இல்லாத ஆண் பூச்சியும் அப்படித்தான் உரிக்கிறான். அவனும் அந்தப் பைக்குள்ளிருந்து பிழைத்து வந்தவன்தானே!