ஒரு ஜன்னல் மட்டும் எரியவில்லை

"ஒரு ஜன்னல் மட்டும் எரியமாட்டேங்குது, மேடம்."

வந்ததும் வராததுமாகச் சொன்னார் தணிகாசலம். கையில் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் முழ நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் விண்வெளிக் கப்பல்.

சபூரா ஸ்டூலைக் காட்டினாள்.

பொம்மைக் கப்பல்களுக்கு விளக்கு வைக்கக் கற்றுத்தருவது அவள் தொழில். வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனால் அவள் பட்டறைக்கு வருகிறவர்கள் அவளைக் குரு என்றுதான் சொல்வார்கள், பாதி விளையாட்டாக, பாதி பயத்தோடு. பாடம் என்று எதையும் அவள் உட்கார்ந்து நடத்தியதில்லை.

தணிகாசலம் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் ஒரு கம்பம் எரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் கையால் வைத்த விளக்கு எரியாமல் போனால் சும்மா இருப்பாரா?

அதுவும் இந்தக் கப்பல் மகன் பரணியுடையது.

பாதி ஒட்டி வைத்துவிட்டு, போன ஐப்பசியில் பைக்கை எடுத்துக்கொண்டு போன பையன் வீடு திரும்பவில்லை. மிச்சத்தை அப்பா ஒட்டினார். வருஷத் திதியன்று எல்லா ஜன்னலும் எரிய எரியக் கப்பலைப் படத்துக்குப் பக்கத்தில் வைப்பதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மாள் சரியாகச் சாப்பிட ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

கப்பலின் உள்பக்கம் முழுக்க முதலில் கறுப்பு அடிக்கச் சொல்லியிருந்தாள் சபூரா. அடிக்காவிட்டால் வெளிச்சம் பிளாஸ்டிக்கையே ஊடுருவி, கப்பல் மொத்தமும் லாந்தர் மாதிரி ஆகிவிடும். அவரும் அடித்தார். ஜன்னல்களைத் துளைத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் கடுகளவு எல்.இ.டி. பல்பை வைத்தார். வால் பக்கத்துக் கடைசி ஜன்னலைத் தவிர எல்லாம் எரிந்தன.

"பல்பை மாத்தினீங்களா?"

"ஒயரைக்கூட மாத்திட்டேன். மேசைமேல வச்சா எரியுது. உள்ள வச்சா இருட்டு. மீட்டர் போட்டுப் பார்த்தேன், கரண்ட் போகுது. போற கரண்ட் எங்க போகுதுன்னுதான் தெரியல."

சபூரா எழுந்துபோய்த் திரைச்சீலைகளை இழுத்துவிட்டாள். வெளியே நல்ல வெயில். உள்ளே ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

தணிகாசலம் சுவிட்சைத் தட்டினார்.

வரிசையாக மஞ்சள் ஜன்னல்கள். கடைசியில் ஒரு கறுப்பு.

வீட்டில் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். கோபம்தான் வரும். இன்றைக்குப் பயமாக இருந்தது. விளக்குக் கெட்டுப்போன இடமாக அது தோன்றவில்லை. யாரோ உள்ளிருந்து வெளிச்சத்தை வேண்டாம் என்று மறைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் பையிலிருந்து குட்டி டிரில்லை எடுத்தார். அந்தத் துளையை அகலமாக்கிவிட்டால் எரியாமல் எங்கே போகும் என்றார்.

சபூரா தடுக்கவில்லை.

"அது யாரோட ரூம் சார்?"

"பொம்மையில யார் ரூம் இருக்கும்?"

சொல்லிவிட்டு அவரே தொடர்ந்தார். பரணி என்னென்னவோ சொல்வான், தான்தான் சரியாகக் காதில் வாங்கியதில்லை. முன்னால் இருப்பது கேப்டனுக்காம். நடுவில் சாப்பாட்டுக்கூடமாம். வால் பக்கம்... அது தன்னுடைய ரூம் என்பான். என்ஜின் சத்தத்தில்தான் தனக்கு நல்லாத் தூக்கம் வரும் என்பான்.

"வீட்டுல அவரை எப்படி எழுப்புவீங்க?"

இது என்ன கேள்வி என்று தோன்றியது தணிகாசலத்துக்கு. ஆனாலும் சொன்னார். விடிகிற நேரத்தில் போய் டியூப் லைட்டைப் போடுவார். பையன் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு, இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பா என்பான். இவர் போர்வையை உருவிவிடுவார்.

"ஒரு நாள்கூடக் குடுத்ததில்ல மேடம், அந்த அஞ்சு நிமிஷத்த."

சபூரா கப்பலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"துளைங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒருதரம் காதை வச்சுக் கேட்டுட்டுத் துளைங்க."

அவருக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் குனிந்து அந்தக் கறுப்பு ஜன்னலில் காதை வைத்தார். பிளாஸ்டிக் லேசாகச் சுட்டது.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கேட்டது. டிரான்ஸ்ஃபார்மர் இரைச்சலைத் தூக்கத்திலும் அடையாளம் சொல்லக்கூடியவர் அவர். இது அதில்லை. கப்பலில் இருப்பதோ வெறும் பேட்டரி, அது இரையவும் செய்யாது. இந்தச் சத்தம் ஏறியது, இறங்கியது. இறங்கும்போது கடைசியில் மெல்லிசாக ஒரு விசில்.

பரணிக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கடைப்பு, தூங்கும்போது மூச்சு விசிலடிக்கும்.

தணிகாசலம் காதை எடுக்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது கப்பலின் இறக்கையில் விழாமல் இருக்க, ஒரு கையால் துடைத்துக்கொண்டார். இன்னொரு கையிலிருந்த டிரில்லை மேசைத் துணியின்மேல், சத்தம் வராமல், மெல்ல வைத்தார்.

"என்ன சார்," என்றாள் சபூரா. "திதிக்கு எல்லா ஜன்னலும் எரியணும்னீங்களே?"

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க, மேடம்."