சாக்கு கட்டிய விளக்கு

ஆற்றைக் கடக்க ஒரு பாலம். பாலம் முடிந்ததும் குன்றைக் குடைந்த சுரங்கம். நடுத்தடம் காலையில் ஊருக்குள் வருகிறவர்களுக்கு, மாலையில் வெளியே போகிறவர்களுக்கு. தலைக்கு மேல் பச்சை அம்பு எரிந்தால் அந்தத் தடத்தில் போகலாம், சிவப்புப் பெருக்கல் குறி எரிந்தால் கூடாது.

இந்த விளக்குகளை ஆளும் அறைக்குத் தலைவி ஆக்னஸ். அவளிடம் வேலை கற்க வந்தவர் குழந்தைவேலு, அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே.

அப்போது பழைய விளக்குகளைக் கழற்றிப் புதியவை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சோதித்து முடிக்கும்வரை புது விளக்கைச் சாக்கால் மூடிக் கட்டிவிடுவது அங்கே வழக்கம். யார் கட்டச் சொன்னாரோ அவரே வாய் திறந்து சொன்னால்தான் அவிழ்ப்பார்கள்.

குழந்தைவேலுவின் மகள் சுகந்தி சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாள். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டவள். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. கோபமெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது, ஏக்கம்தான் மிச்சம். ஊருக்குள் வரும் ஒவ்வொரு பேருந்தையும் திரையில் பார்ப்பார். ஜன்னலோரம் அவள் முகம் தெரியாதா என்றிருக்கும்.

அன்று காலை அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"வாசலத் திறந்தேதான் வச்சிருக்கேன் மேடம். ஏன் வர மாட்டேங்கா?"

"கடைசியா அவகிட்ட என்ன சொன்னீங்க, அண்ணாச்சி?"

அவர் தயங்கினார். "நான் கூப்பிடாம இந்த வாசல்ல கால் வைக்காதேன்னேன். அது அன்னைக்கு. இப்ப மனசு மாறிப்போச்சு. பக்கத்து வீடு, சொந்தக்காரங்க, எல்லாருக்கும் தெரியும்."

ஆக்னஸ் திரையைக் காட்டினாள்.

நடுத்தடம் காலியாகக் கிடந்தது. பக்கத்துத் தடத்தில் வண்டிகள் மூச்சு முட்டி நின்றன. குழந்தைவேலுவின் கட்டுப்பாட்டுப் பலகையிலோ எல்லாம் பச்சை. நான்தான் திறந்துவிட்டேனே, இவர்களுக்குக் கண் தெரியவில்லையா என்று அவர் வண்டிக்காரர்களைத் திட்டத் தொடங்கினார்.

"போய்ப் பாத்துட்டு வாங்க."

"மேடம், அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கந்தான்."

ஜீப் பாலத்தைத் தாண்டியது, சுரங்கத்தையும் தாண்டியது. சுரங்கத்தின் அந்த முனையில் இறங்கி அண்ணாந்து பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சாக்கின் ஓரத்தில் பச்சை லேசாகக் கசிந்தது. எந்த ஓட்டுநருக்கும் அது தெரிய வழியில்லை.

ஏணியடியில் உட்கார்ந்திருந்த தொழிலாளி எழுந்தான்.

"ஏன்யா அவுக்கல? சோதனை முடிஞ்சு விளக்கும் போட்டாச்சு."

"நேத்து வாக்கி டாக்கில நீங்கதான் கட்டச் சொன்னீங்க, அண்ணாச்சி. நீங்க சொல்லுவீங்கன்னு காலைலருந்து காத்துக் கெடக்கேன்."

குழந்தைவேலு மறுபடி அந்தச் சாக்கைப் பார்த்தார்.

"அவுத்துரு" என்றார்.

சாக்கு விழுந்தது. பச்சை அம்பைப் பார்த்ததும் முதலில் ஒரு பேருந்து நடுத்தடத்துக்குத் திரும்பியது. அதன் பின்னால் மற்றவையும் வந்தன. பழக்கதோஷத்தில் அவர் ஜன்னல்களைப் பார்த்தார். அவள் இல்லை.

வாக்கி டாக்கியை எடுத்தார்.

"சொல்லியாச்சு மேடம். வண்டியெல்லாம் வருது. நானும் திரும்பி வரட்டுமா?"

"ஒரு எடத்துலதானே சொல்லியிருக்கீங்க, அண்ணாச்சி."