சௌந்தரம் அறுத்த ஸ்டியரிங்

தன் காரின் ஸ்டியரிங் தண்டைத் தானே அறுத்துப் போட்ட ஒருத்தியைப் பற்றிப் பொள்ளாச்சியில் இன்னும் பேசுகிறார்கள். திமிர் என்கிறார்கள், கிறுக்கு என்கிறார்கள். முழுதாகக் கேட்டுவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

சௌந்தரம் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். மாணவர்கள் பற்றவைத்துக் கொண்டுவரும் துண்டை வெளியே பார்த்து அவள் மதிப்பெண் போட்டதே கிடையாது. நடுவில் அறுத்து உள்முகத்தைப் பார்த்த பிறகுதான் போடுவாள். வகுப்பின் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவாள்: ஸ்டியரிங்கிலும் பிரேக்கிலும் வெல்டிங் கூடாது.

அவளிடம் பழைய சின்ன கார் ஒன்று இருந்தது. சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. வலது தோள் இறுகிப்போன பிறகு, அதைச் சந்துக்குள் திருப்புவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"கை வலிச்சா பேசாம பக்கத்துல உக்காரு. நான் ஓட்ட மாட்டனா?" என்பார் கணவர் நாச்சிமுத்து.

அவர் ஓட்டினால் கார் அவர் நினைத்த இடத்துக்குத்தான் போகும். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் மெக்கானிக் அன்வரிடம் போனாள். புதிய கார் ஒன்றிலிருந்து கழற்றிய பவர் ஸ்டியரிங்கை இதில் பொருத்த முடியும் என்றான் அவன். ஒரே சிக்கல், அதன் தண்டும் இந்தக் காரின் தண்டும் ஒன்றோடொன்று சேராது.

"பல் வெட்டுன ஜாயிண்ட் ஒண்ணு லேத்துல செய்யோணும் டீச்சர். கோயமுத்தூர்ல குடுக்கோணும். லேட்டாகும்."

"ஆகட்டும். அவசரத்துல வெல்டு வெச்சராத."

"உங்க வண்டியிலயே வெப்பனா?" என்று சிரித்தவன், எதற்கும் இருக்கட்டும் என்று அவள் போன் நம்பரைப் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டான்.

எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே கார் வந்தது. ஒரு விரலுக்குத் திரும்பியது. சந்தைக்குப் போய்வந்தாள். காரியம் எதுவும் இல்லாமலே ஊரை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். வீட்டு வாசலில் நிறுத்தும்போது மூக்குக்கண்ணாடி காலடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் தண்டைப் பார்த்தாள். இரண்டு துண்டுகளும் சேருமிடத்தில் வெல்டிங் ஓடியிருந்தது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே அன்வருக்குப் போன் போட்டாள்.

"உங்க வீட்டு சார் வந்து சொன்னாரே டீச்சர்! 'எங்க வீட்டுல வெல்டே போதும்னுட்டாங்க, வெல்டிங் டீச்சரே சொன்னப்புறம் உனக்கென்ன'ன்னு கேட்டாரு."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"அவரு நிக்கறப்ப, 'இருங்க, அம்மாகிட்டக் கேட்டுக்கறேன்'னு எப்படிங்க சொல்றது?"

நாச்சிமுத்து உள்ளே பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அக்காவையும் அவள் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இதே காரில் வால்பாறைக்குப் போவதாக ஏற்பாடு.

"நான் சொன்னதா எதுக்குங்க சொன்னீங்க?"

"லேத்துக்காரனுக்குக் காத்துட்டிருந்தா அக்காவை எப்பக் கூட்டிட்டுப் போறது? நீ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன? ஒரே வீடுதானே."

"செரி, இப்ப நான் சொல்றேன். நாளைக்கு வண்டி மலையேறாது."

"அது வேற."

வாடகைக் கார் பேசித் தருகிறேன் என்றாள். வீட்டில் காரை வைத்துக்கொண்டா என்று கேட்டார். அவர் அக்காவுக்குப் போன் செய்து, பிள்ளைகளை இதில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னாள். "காரைக் குடுக்க மனசில்லீன்னா நேராச் சொல்லு கண்ணு. எந்தம்பி தெரியாமயா கூட்டிட்டுப் போவான்?" என்றாள் அக்கா. சாவியை ஒளித்துவைக்கலாம். இன்னொரு சாவி அவர் இடுப்பில் இருந்தது.

பொழுது இறங்குகிற நேரத்தில் சௌந்தரம் இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு காருக்குள் போனாள். வலது கை தூக்க வரவில்லை. காலடியில் சரிந்து படுத்து, இடது கையால் வெல்டிங்கின் நடுவில் வைத்து அறுத்தாள். கடைவீதிக்குப் போயிருந்த நாச்சிமுத்து திரும்பி வந்தபோது தண்டு இரண்டாகியிருந்தது.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். அவளும் பார்த்தாள். உள்முகம் வெள்ளிபோல் இருந்தது. ஒரு துளை இல்லை, ஒரு கசடு இல்லை. மாணவன் யாராவது கொண்டுவந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பாள்.

"பாரு! நல்லாப் பாரு! எங்கடி இருக்குது கொறை? நல்லா இருந்த வண்டியைக் கெடுத்து வெச்சிட்டியேடி!"

அன்வரும் வந்து துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என் வேலையில குத்தமில்லீங்களே டீச்சர்" என்றான். பயணம் நின்றது. கார் வாசலில் நின்றது. காலையில் சௌந்தரம் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

சொன்னதைச் சுத்தமாகச் செய்தான் அன்வர். காத்திருக்காமல் காரியத்தை முடித்தார் நாச்சிமுத்து. நல்ல வெல்டிங்கை அறுத்துப் போட்டாள் சௌந்தரம். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சௌந்தரம் செய்தது. அறுத்த பிறகு தெரிந்ததை வைத்து, அறுப்பதற்கு முன் எடுத்த முடிவைக் குற்றம் சொல்ல முடியாது. உள்ளே பார்க்க அவளுக்கு வேறு வழி இல்லை. அறுத்துப் பார்த்துவிட்ட தண்டில் யாரும் மலையேறவும் முடியாது. வெல்டிங் நன்றாக இருந்தாலும், அதன் சூடு வாங்கிய பக்கத்து இரும்பு எந்த வளைவில் கைவிடும் என்பதை எந்த டார்ச்சும் காட்டாது. அன்வரின் கையில் பிழை இல்லை; சுவரில் இருந்த நம்பருக்கு அவன் கூப்பிடவில்லை, அதுதான் பிழை. நாச்சிமுத்து திருடியது அவள் வாயை. ஒருவேளை வால்பாறை வளைவில் அந்தத் தண்டு முறிந்திருந்தால், பட்டறையில் கேட்டாலும் வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும்: "டீச்சரம்மா சொல்லித்தானுங்க வெச்சது."