சத்தமில்லாத பூங்கா

நகரத்து நூலகம், நீச்சல்குளம், பூங்கா எல்லாவற்றையும் ஒரு அறக்கட்டளைதான் நடத்தி வந்தது. அதன் புதுத் தலைவர் தணிகாசலத்துக்குச் சத்தம் ஆகாது. பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் சூசையம்மாளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நன்கொடை தர்றவங்க வர்றாங்க. பூங்கா நிறையப் பிள்ளைங்க விளையாடணும், ஆனா சத்தம் வரக்கூடாது. வந்தா உனக்கும் வேலை கிடையாது, அதுங்களும் இனி உள்ளே வர வேண்டாம்."

"ஆண்டவர் பார்த்துப்பாருங்கய்யா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விருந்தாளிகளோடு தலைவர் வந்தார். ஒரு பிள்ளையையும் காணோம்.

"எங்கேம்மா பிள்ளைங்க?"

"விளையாடிக்கிட்டுத்தான் இருக்காங்கய்யா. ஐஸ்பாய். ஒளிஞ்ச பிள்ளை மூச்சுகூட விடாதுல்ல?"

தலைவர் புதர் புதராகக் குனிந்து தேடினார். யாரும் அகப்படவில்லை.

"நீயே கூப்பிடேன்."

"நான் கூப்பிட்டா வரமாட்டாங்க. தேடுறவர்தான் 'தோத்துட்டேன்'னு கத்தணும்."

விருந்தாளிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். தலைவர் 'தோத்துட்டேன்' என்று முனகிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. பிறகு அவர் போட்ட கத்தலில் மரத்துக் காகங்களெல்லாம் பறந்தன. பிள்ளைகள் 'ஓ'வென்று ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"முதல்ல சத்தம் போட்டது நீங்கதான்யா. யாரை வெளியே அனுப்பட்டும்?" என்று பணிவாகக் கேட்டாள் சூசையம்மாள்.

"யாரும் போக வேண்டாம்மா," என்றார் தலைவர்.

அதற்குள் நன்கொடை தரவந்த அம்மா ஒருத்தர் புங்கமரத்தில் முகம் புதைத்து எண்ணத் தொடங்கிவிட்டார். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒளிய இடம் தேடி ஓடினார்.