கோட்டையைக் கடைசியாகப் பார்த்தவர்

ஓலைக்கரை ஊராட்சியின் புத்திசாலித்தனம் நாலு ஊருக்குத் தெரிந்த விஷயம். பழைய துறைமுக நகரமான பவளத்துறையைச் சுற்றிப் பார்த்து அறிக்கை தரும்படி மேலிடம் அவர்களுக்கு உத்தரவு போட்டது. "வழிகாட்டி சொல்வதை மீறக் கூடாது" என்று அதில் அடிக்கோடு இருந்தது.

தலைவர் கோதண்டபாணியோடு உறுப்பினர்கள் உலகாம்பாள், தீத்தாரப்பன், மாசிலாமணி மூவரும் புறப்பட்டார்கள். அறிக்கை நோட்டு மாசிலாமணி கையில். மூன்று தேர்தலில் தோற்று நாலாவதில் பதினோரு ஓட்டில் ஜெயித்த மனிதர். பதவி என்றால் அவருக்கு உயிர்.

அங்கே படகுக்காரர்தான் வழிகாட்டி. "நான் சொல்ற வரைக்கும் எல்லாரும் இடப்பக்கமே பாருங்க. அங்கதான் விசேஷம்" என்றார்.

பார்த்தார்கள். உப்பங்கழியில் படகு போகப் போக, இடப்பக்கம் பழைய கோட்டை நீண்டுகொண்டே வந்தது. "கோட்டை ஒன்று. நல்ல நிலையில் உள்ளது" என்று மாசிலாமணி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படகு திரும்பியது. படகுக்காரர் பீடி பற்றவைத்ததில் "போதும்" என்று சொல்ல மறந்துபோனார். நம்மவர்களா மீறுவார்கள்? இடப்பக்கமே பார்த்தார்கள். தென்னந்தோப்பு வந்தது, ஒரு எருமை வந்தது, மறுபடி தென்னந்தோப்பு வந்தது. கோட்டையைக் காணோம்.

"போகும்போது இருந்துச்சே" என்றார் உலகாம்பாள்.

"பட்டப்பகல்ல தூக்கிட்டானுங்க" என்றார் தீத்தாரப்பன். "நம்ம ஊர் அடிபம்பைக் கழட்டவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு."

தலைவர் தொண்டையைச் செருமினார். "போனது போகட்டும். கடைசியாப் பார்த்தது யாரு?"

மற்ற இருவரும் தென்னந்தோப்பைப் பார்த்தபடியே மாசிலாமணியைக் கைகாட்டினார்கள்.

"அப்ப நீங்கதான் பொறுப்பு. அதான் நடைமுறை. பஸ் ஏறுறதுக்குள்ள கோட்டை வரலைன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க."

மாசிலாமணி முதல் ஆளாகக் கரையில் குதித்தார்.

கரையேறிக் கடற்கரைச் சாலையில் தேடினார்கள். நாலு கழுத்தும் இடப்பக்கம் திரும்பியிருக்க, வலது தோளைக் கோட்டைச் சுவர் உரசியது. இடப்பக்கம் சுண்டல் விற்ற பெண்ணிடம் மாசிலாமணி கேட்டார்: "ஏம்மா, இந்தப் பக்கமா ஒரு கோட்டை போச்சா?"

"நீங்க சாஞ்சுக்கிட்டு நிக்கிறதே கோட்டைதாங்க."

"சமாளிக்குது" என்று தலைவர் கிசுகிசுத்தார். "இதுக்கும் பங்கு இருக்கும். பேரை எழுதிக்குங்க."

சாலை முடியும்வரை நடந்தார்கள். கடல் இருந்தது, கட்டுமரம் இருந்தது, கருவாடு காய்ந்தது. கோட்டை மட்டும் இல்லை. மாசிலாமணி நோட்டைக் கோட்டைச் சுவரில் வைத்து, "ஐயா, என் பொறுப்பில் இருந்த கோட்டையைத் தொலைத்துவிட்டதால்" என்று எழுத ஆரம்பித்தார். கண்ணீர் தாளில் சொட்டியது.

"சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் தலைவர். "நீங்க திரும்புங்க. நான் கடலை இன்னொரு தடவை பார்த்துட்டு வர்றேன்."

திரும்பினார்கள். இடப்பக்கம், முழுசாக, கோட்டை.

மாசிலாமணி ஓடிப்போய்ச் சுவரைக் கட்டிக்கொண்டு அழுதார். போன உயிர் திரும்பி வந்தது.

"கொண்டாந்து வச்சுட்டானுங்க" என்றார் தீத்தாரப்பன்.

பின்னால் வந்து சேர்ந்த தலைவர் மீசையைத் தடவினார். "நான் குடுத்த நெருக்கடி அப்படி."

உலகாம்பாள் மட்டும் யோசனையில் இருந்தார். "எல்லாம் சரிங்க. இங்க ஒரு கடல் இருந்துச்சே, அது எங்க?"

இடப்பக்கம் முழுக்கத் தேடினார்கள். சுவர்தான் இருந்தது. சொட்டுக் கடல் இல்லை.

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "தலைவரே, கடைசியாப் பார்த்தது யாரு?"

ஏற்கெனவே எழுதின கடிதம் வீணாகவில்லை. "கோட்டையை" என்பதை அடித்து "கடலை" என்று எழுதி, மாசிலாமணி பணிவோடு நீட்டினார். தலைவரும் நடைமுறையை மீறாமல், இடப்பக்கம் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டார்.