முன்னூறு தடவை கேட்டவர்

"மேடம், என் கணிப்புல தூசி அளவுகூடத் தப்பு இல்லை. ஆனா வர்ற சேதி பூராவும் குப்பை!"

சொன்ன கோமதிநாயகத்துக்கு ஐம்பத்திரண்டு வயசு. குருவாக வாய்த்த பெனிட்டாவுக்கு முப்பத்தாறு. ரேடியோவைக் கம்ப்யூட்டர் நிரலாகவே எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, தான் பார்த்த வாத்தியார் வேலையை உதறிவிட்டு இந்தக் கடற்கரை ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்த மனுஷன்.

விடிந்தால் படகுகள் ஆழ்கடலுக்குப் போகின்றன. இன்றைக்குள் இந்த ரேடியோ சரியாகாவிட்டால், அங்கிருந்து ஆபத்தென்று கூப்பிட்டாலும் கேட்கக் கரையில் காது இருக்காது.

சோதனைக்காகப் படகோட்டி சூசையப்பன் காலையிலிருந்து படகைச் சுற்றிச் சுற்றி ஓட்டியபடி எழுத்துச் சேதி அனுப்பிக்கொண்டே இருந்தார். பாவம்.

"விவரமா சொல்லுங்க சார்."

"சேதி எங்கே ஆரம்பிக்குதுன்னு கச்சிதமா பிடிச்சிடறேன். நடுநடுவே, நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச சொல் ஒண்ணு வருதில்லையா, அது அலையிலயும் பாறையிலயும் பட்டு எப்படிக் கோணிக்கிட்டு வருதுன்னு பார்க்கறேன். அதை வெச்சு மிச்சத்தையும் நிமிர்த்தறேன்."

"எத்தனை தடவை பார்ப்பீங்க?"

"முன்னூறு தடவை! சராசரி எடுத்துட்டுத்தான் அடுத்த வேலை."

பெனிட்டா கொட்டாவி விட்டாள்.

"பசிக்குது. எதிர்க்கடையில வடை இருக்கான்னு பார்த்துட்டு வாங்க."

இதெல்லாம் ஒரு பதிலா? பல்லைக் கடித்துக்கொண்டு போனார். வர வெகுநேரமாயிற்று.

"பதினேழு இருக்கு மேடம். மூணு தடவை எண்ணினேன். ஒண்ணு மட்டும் ஓரத்துல உடைஞ்சிருக்கு."

"ரெண்டு வாங்கிட்டு வாங்க."

திரும்பி வந்தபோது வெறுங்கை. முகம் சிவந்து கிடந்தது.

"வலை தைக்கிறவங்க கூட்டமா வந்து தின்னுட்டாங்க. ஆனா பதினேழு இருந்துச்சு மேடம்! கடைக்காரரோட சண்டையே போட்டுட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"இருந்துச்சுன்னுதான் அவரும் சொல்றார்."

பெனிட்டா தலையைத் திருப்பினாள். ஜன்னலுக்கு வெளியே சூசையப்பனின் படகு பாறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கோமதிநாயகமும் அதைப் பார்த்தார்.

"அடக் கடவுளே! முன்னூறு தடவை பார்த்து முடிக்கறதுக்குள்ள படகு வேற இடத்துக்குப் போயிடுதே!"

ஓடிப்போய் உட்கார்ந்தார். முன்னூறை அழித்துவிட்டு மூன்று என்று போட்டார்.

"கொஞ்சம் கரடுமுரடாத்தான் இருக்கும் மேடம்."

"இருக்கட்டும்."

திரையில் எழுத்துகள் வந்து விழுந்தன.

"கரையில யாராவது இருக்கீங்களா? காலையிலேருந்து கத்தறேன். எனக்கே மயக்கம் வருது."

கோமதிநாயகத்துக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. பதில் எழுதக் கையை வைத்தவர், 'அன்புள்ள' என்று ஆரம்பிப்பதா, 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பிப்பதா என்று யோசித்தார்.

"சார்," என்றாள் பெனிட்டா, "படகு போய்க்கிட்டிருக்கு."