கர்னல் கொடுத்த மனு

கர்னல் குலோத்துங்கனுக்குப் பேருதான் ராசா பேரு. முப்பத்திரண்டு வருசத்துல அவரு படையெடுத்ததெல்லாம் காகிதத்து மேலதான். பட்டாளத்துல யார எந்த ஊருக்கு மாத்தணும்கறதுக்கெல்லாம் அவரு கையெழுத்துதான். துப்பாக்கி சுடத் தெரியுமான்னு கேட்டா கோவிச்சுக்குவாரு. ஆனா ஒரு மனுகூட அவரு மேசையில மறுநாள் வரைக்கும் கெடந்ததில்ல. அதுக்குப் பதக்கமே குடுத்தாங்க.

அவரு ஆபீசுல பதினெட்டு வருசம் தபால் பிரிச்ச ஹவில்தார் ஒருத்தரு ஓய்வு வாங்கிட்டு, பவானி ஆத்தோரம் குடிசை போட்டுச் சாமியாராயிட்டாரு. பேரு சடையப்ப சாமி. தலையில ஒத்த முடி கெடையாது. 'ஏய் சடையா'ன்னு கூப்புட்ட கர்னல் இப்ப அவரத்தான் குருங்கறாரு. சாமிதான் இன்னும் 'சார்'ங்கறத விடல.

கர்னல் ஓய்வு பெறப் பத்து நாள் இருந்துச்சு. ஒரு நாள் காலையில சாமியோட குடிசைக்கு வந்து மண்ணுல உக்காந்தாரு. மூணு வாரமா கையெழுத்து வரலியாம். மொத தடவையா மேசையில மனு தேங்கிக் கெடக்காம். வெசயத்த அவரே சொன்னாரு.

எல்லையில நின்ன பேச்சிமுத்துங்கற நாயக்கு ரேங்க் சிப்பாய், பொஞ்சாதி சங்கரன்கோயில்ல புத்துநோயில கெடக்கா, ஊர்ப்பக்கம் மாத்துங்கன்னு மனு போட்டிருக்கான். டாக்டர் சீட்டுல முத்திரை இல்ல. கர்னல் அன்னைக்கே திருப்பிட்டாரு. முத்திரையோட வந்துச்சு. அதுக்குள்ள சீட்டு மூணு மாசம் தாண்டிப் பழசாயிருச்சு. அதையும் அன்னைக்கே திருப்பிட்டாரு. மூணாவது தடவ எல்லாம் சரி. அன்னைக்கே உத்தரவு போட்டாரு. அது போய்ச் சேந்தப்ப, அந்தப் பொண்ணுக்குக் கருமாதி முடிஞ்சு எட்டு நாள்.

"திட்டி எழுதுவான்னு பாத்தேன் சாமி. உத்தரவு கெடச்சதுன்னு ரசீத மட்டும் நிரப்பி அனுப்பிருக்கான். அதுல ஒரு கொறையும் இல்ல."

கர்னலே மறுபடி கேட்டாரு.

"நான் சட்டப்படிதான செஞ்சேன். எம்மேல தப்பு இருக்கா?"

கேள்விய எழுதிக் குடுக்கச் சொன்னாரு சாமி. கர்னல் தட்டுத்தடுமாறி எழுதிக் குடுத்தாரு. தேதியும் நேரமும் இல்லேன்னு சாமி திருப்பிட்டாரு. போட்டு நீட்டுனா வாங்கல. ஆத்துக்குப் போயி குளிச்சாரு. வேட்டி தொவச்சாரு. கம்மஞ்சோறு தின்னாரு. வெங்காயத்த மட்டும் அஞ்சு நிமிசம் மென்னாரு. வெயில் உச்சிக்கு வந்தப்பதான் தாள வாங்கிப் பாத்தாரு.

"எட்டு மணின்னு போட்டிருக்கீங்க. இப்ப பன்னெண்டு. பழசு சார்."

கர்னலுக்கு மூஞ்சி செவந்துருச்சு.

"நாலு மணி நேரமா உங்க கண்ணு முன்னாடிதான உக்காந்திருக்கேன். இதப் பழசாக்குனது நீங்கதான..."

அதோட நின்னுட்டாரு.

 அப்பறம் கர்னல் தாளத் தொடையில வச்சு, நேரத்த அடிச்சு மாத்தி எழுதிக் குடுத்தாரு. இந்தத் தடவ சாமி கடைசி வரைக்கும் படிச்சாரு. படிச்சிட்டு நாலா மடிச்சு, கர்னல் சட்டப்பையிலயே வச்சாரு.

"எல்லாம் சரியா இருக்கு சார். ஆனா இது எனக்கு வர வேண்டிய மனு இல்ல."

யாருக்குன்னு கர்னல் கேக்கல. சங்கரன்கோயிலுக்கு எத்தன மணிக்கு பஸ்ஸுன்னுதான் கேட்டாரு. செருப்ப மாட்டிட்டு ரெண்டு எட்டு வச்சவரு திரும்பி நின்னாரு.

"அவன் வாசல்ல போயி நிக்கறேன் சாமி. மூஞ்சியில முழிக்காத, போன்னு சொல்லிட்டான்னா?"

சாமி எந்திரிச்சாரு. முதுகு நிமுந்து, கை ரெண்டும் தொடையோட ஒட்டுச்சு.

"அதுவும் உத்தரவுதான் சார். வாங்கிக்கிட்டு வாங்க."